நுரையை விற்க வேண்டாம், அளவைச் சொல்லி விற்போம்



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, கடை நேரம் என்று நம்முடைய பிரச்சினைகளையே பேசிவரும் இந்த இதழில் சலவை இயந்திரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். வாஷிங் மெஷின் விற்பவர்கள் நாம் அல்ல. அது ஷோரூம்காரர்களின் சரக்கு. ஆனால் அந்த இயந்திரத்துக்குள் போடுகிற பவுடரை விற்பவர்கள் நாம். இயந்திரம் வீட்டுக்கு ஒரு முறை வருகிறது. பவுடர் மாதம் தோறும் போகிறது. அந்தப் பவுடர் எது, எவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய இடம் நம் கல்லாவும் தராசும் இருக்கிற இடம்தான். அதைச் சொல்லாமல் விட்டதால் நான் இழந்த ஒரு வாடிக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் வராத லிஸ்ட்

திருநெல்வேலி பக்கத்தில் 30 ஆண்டுகளுக்கு மேலாக மளிகைக் கடை நடத்திவருகிறேன். எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா குடும்பம். 18 ஆண்டுகளாக மாதம் பிறந்தால் 3 ஆம் தேதி மாலை லிஸ்ட் வந்துவிடும். கடன் பாக்கி என்ற பேச்சே இருந்ததில்லை.

2019 ஆம் ஆண்டு அவர்களுடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார். குழந்தைத் துணி, பெரியவர்கள் துணி என்று துவைத்து மாளவில்லை. தவணையில் ஒரு ஃப்ரண்ட் லோடு இயந்திரம் வாங்கினார்கள். டீச்சர் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, புது மெஷின் வாங்கியிருக்கோம். நல்ல பவுடரா ஒண்ணு குடுங்க" என்றார்.

அந்த வாரம்தான் ஏஜென்சிக்காரர் ஒரு ஸ்கீம் கொடுத்திருந்தார். பத்துப் பை எடுத்தால் ஒரு பை இலவசம், ஒவ்வொரு 4 கிலோ பைக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளி. கையால் துவைப்பதற்கான பவுடர் அது. எனக்குத் தெரியும். ஆனாலும் "இதுவே போதும் டீச்சர், நல்லா நுரை வரும்" என்று சொல்லி ஒரு பையையும் வாளியையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நுரை நன்றாகத்தான் வந்தது. பவுடர் போடுகிற டிராயர் வழியாகப் பொங்கி, குளியலறைத் தரை முழுவதும் பரவி, இயந்திரம் பாதியில் நின்று ஏதோ எழுத்தைக் காட்டியிருக்கிறது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை, பவுடர்தான் தவறு என்று சொல்லி, வந்து போனதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதைவிட மனதை உறுத்துவது இன்னொன்று. துணியில் பவுடர் முழுதாக அலசப்படாமல் தங்கி, பச்சைக் குழந்தையின் கழுத்திலும் இடுப்பிலும் தடித்துச் சிவந்துவிட்டது. டாக்டர், துணியை நன்றாக அலசிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

டீச்சர் கடைக்கு வந்து சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட ஒரு வழி பிறந்திருக்கும். அடுத்த மாதம் 3 ஆம் தேதி லிஸ்ட் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. சூப்பர் மார்க்கெட் பையோடு அவர்கள் வீட்டுக்காரர் எங்கள் கடை வாசலைக் கடந்து போவதைப் பார்த்தேன். மூன்றாவது மாதம்தான் அவர் எதற்காக நின்றார் என்று பக்கத்து வீட்டார் மூலம் தெரியவந்தது.

எங்கள் பகுதியில் மெஷின் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் சாமான் வாங்க வருவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "மெஷின்லயும் குத்தமில்ல, பவுடர்லயும் குத்தமில்ல அண்ணாச்சி. ரெண்டையும் சேத்து வச்ச ஆளு மேலதான் குத்தம்."

நுரைக்கும் அழுக்குக்கும் என்ன சம்பந்தம்?

நம் வாடிக்கையாளர்களில் பத்தில் எட்டுப் பேர் நுரையைப் பார்த்துத்தான் பவுடரை மதிப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த எண்ணம் எப்படி வந்தது?

இந்தியாவில் சர்ஃப் பவுடர் 1959 இல் வந்தது. அதுவரை துணிக்குப் பெரும்பாலும் கட்டிச் சோப்புத்தான். 1969 இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மா பவுடரைத் தயாரித்து, குறைந்த விலையில் சாதாரணக் குடும்பங்களுக்கும் பவுடரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1991 இல் ஏரியல் வந்தது. வாளியில் பவுடரைக் கரைத்து, துணியை ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்த வீடுகளில் நுரை என்பது கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளமாக இருந்தது. நுரை அடங்கிவிட்டால் பவுடரின் சக்தி தீர்ந்தது, இன்னும் கொஞ்சம் போடு என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். கைத்துவைப்புக்கு அது ஓரளவு பொருந்தும்.

ஆனால் அழுக்கை எடுப்பது நுரை அல்ல. பவுடரில் இருக்கிற சலவைப் பொருளின் ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பிடிக்கிறது, மறுமுனை தண்ணீரைப் பிடிக்கிறது. இப்படி அழுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு போகச் செய்கிறது. சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் ஆலையில் தயாராகும் லீனியர் ஆல்கைல் பென்சீன் என்ற பொருள் இந்தச் சலவைப் பொருளுக்கு மூலம். அதோடு சோடா உப்பு, கறை நீக்கும் என்சைம், வெண்மை தெரியச் செய்யும் பொருள், வாசனை எல்லாம் சேர்ந்ததுதான் பவுடர். கலக்கும்போது காற்றுப் புகுந்து உண்டாகும் குமிழ்தான் நுரை. அது உடன் வருகிற விருந்தாளி. வேலை செய்கிற ஆள் தண்ணீருக்குள் இருக்கிறான்.

இதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. சலவைத் தொழிலாளர்கள் உவர் மண்ணைக் கரைத்துத் துணியில் ஏற்றி, வெள்ளாவி வைத்து எடுத்த காலத்தில் வேட்டி எவ்வளவு வெளுப்பாக வந்தது என்பது வயதானவர்களுக்குத் தெரியும். அங்கே நுரை ஏது? காரமும் சூடும் அலசலும்தான் அந்த வெளுப்பைக் கொடுத்தன.

இயந்திரத்தில் நுரை அதிகமானால் நன்மை இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. ஃப்ரண்ட் லோடு இயந்திரம் குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது. கல்லில் அடிப்பதற்கு அது மாற்று. உள்ளே நுரை மெத்தை போல நிறைந்துவிட்டால் துணி விழுகிற வேகம் போய்விடுகிறது. பஞ்சுப் பொதியின் மேல் அடித்த அடி மாதிரிதான். அழுக்குப் போகாது. பிறகு அந்த நுரையை அகற்ற இயந்திரம் கூடுதலாகத் தண்ணீர் எடுத்து அலசும், அல்லது நின்றுவிடும். பிழியும் தொட்டியிலும் இதே கதை. உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் நுரை அடைத்துக்கொண்டால் தொட்டி வேகம் எடுக்க முடியாமல் மோட்டார் திணறிச் சூடாகும். துணியில் தங்கிய பவுடர் தோலை அரிக்கும். இயந்திரத்தின் உள்சுவரில் தங்கிய பசையில் அழுக்குப் படிந்து நாற்றம் எடுக்கும். அந்த நாற்றம் போக இன்னும் கொஞ்சம் பவுடர் போடுவார்கள். இப்படியே ஒரு சுற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது சோப்புப் பவுடருக்கும் சேர்த்துத்தான்.

தண்ணீரைக் கேட்காமல் பவுடர் கொடுக்கக் கூடாது

நம் ஊரில் இன்னொரு சிக்கல் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற வீடும், போர் தண்ணீரை நம்பியிருக்கிற வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 10500 இல், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை போகலாம் என்றும் இருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் மூன்று மடங்கு வித்தியாசம். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்கிற தண்ணீரில் சோப்புப் போட்டால் திரிந்து தயிர் போலாகும். பவுடர் அந்த அளவுக்குத் திரியாது என்றாலும், அதன் ஒரு பங்கு தண்ணீரோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். நுரையும் குறையும்.

ஆகவே போர் தண்ணீர்க்காரர் கொஞ்சம் கூடுதலாகப் போடுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதே கைப்பழக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளிலும் போட்டால் நுரை கூரையைத் தொடும். எங்கள் வீட்டு 6 கிலோ செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில், ஆற்றுத் தண்ணீர் என்றால் 2 மேசைக்கரண்டி பவுடர், போர் தண்ணீர் என்றால் 3 மேசைக்கரண்டி. பாதித் தொட்டித் துணி என்றால் அதிலும் பாதி. இது எங்கள் வீட்டு அளவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பவுடருக்கும் இது மாறும். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கிற அளவிலிருந்து தொடங்கி, கீழே சொல்கிற சோதனையைச் செய்து கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சோதனை எளிது. துவைத்து அலசிய துணி ஒன்றை எடுத்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கினாலோ, விரலுக்கு வழுவழுப்பாக இருந்தாலோ பவுடர் அதிகம். அடுத்த முறை கால் பங்கு குறைக்க வேண்டும். அழுக்குப் போகிறது, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது என்ற இடம் வந்ததும் அந்த அளவை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் எந்தக் குடும்பமும் தன் அளவைக் கண்டுபிடித்துவிடலாம்.

எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டால்

கடைக்கு வருகிறவர்கள் நம்மிடம் இதையும் கேட்கிறார்கள். நம்மில் பலரும் வீட்டுக்கு ஒன்று வாங்கும் யோசனையில் இருக்கிறோம். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இரண்டு தொட்டி உள்ள சாதாரண செமி ஆட்டோமேட்டிக் இயந்திரமே பொருத்தம்.

காரணங்கள் மூன்று. முதலாவது, அதில் பழுதாகக் கூடிய பொருட்கள் குறைவு, இருப்பவையும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. துவைக்கும் மோட்டார், அதிலிருந்து சுழலியை ஓட்டும் பெல்ட், திருகிவிட்டால் ஓடும் டைமர், கெப்பாசிட்டர், பிழியும் தொட்டிக்கு ஒரு மோட்டார், ஒரு பிரேக், அடியில் ஒரு ரப்பர் சீல். ஏறக்குறைய அவ்வளவுதான். பெல்ட் தளர்ந்தால் தெருமுனை மெக்கானிக் அரை மணியில் மாற்றிவிடுவார். சீல் தேய்ந்து தண்ணீர் கசியத் தொடங்கியதும் மாற்றிவிட்டால் கீழே உள்ள மோட்டார் துருப்பிடிக்காமல் பல காலம் ஓடும். முழு ஆட்டோமேட்டிக்கில் மின்னணுப் பலகை இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் அந்தப் பலகை போனால், புதிதாகப் போடும் செலவைக் கேட்டதும் பலர் இயந்திரத்தையே காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, தண்ணீர். குழாயில் ஓயாமல் தண்ணீர் வருகிற வீடு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? செமி ஆட்டோமேட்டிக்கில் குடத்தாலும் ஊற்றலாம். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு சாயம் போகாத வண்ணத் துணி, கடைசியாகக் கடைப் பையன்களின் எண்ணெய்க் கறைச் சட்டை என்று வரிசையாகத் துவைக்கலாம். அலசிய தண்ணீரை முற்றம் கழுவ எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நேரே வருகிற காரணம். அந்த இயந்திரத்தின் மூடியை எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நுரை அதிகமானால் கண்ணுக்குத் தெரியும். நிறுத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீர் பிடித்து 2, 3 நிமிடம் ஓடவிட்டால் சரியாகிவிடும். அடுத்த முறை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர்களே கற்றுக்கொள்வார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுகிற இயந்திரத்தில் தவறு நடந்த பிறகுதான் தெரியும்.

முழு ஆட்டோமேட்டிக்கைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குத் தூக்கிப் போட முடியாத முதியவர்கள், இருவரும் வேலைக்குப் போகிற குடும்பம், தண்ணீரும் மின்சாரமும் சீராக இருக்கிற வீடு, இவர்களுக்கு அது நல்லதுதான். ஃப்ரண்ட் லோடு தண்ணீரை மிச்சப்படுத்தும், துணியையும் பதமாகத் துவைக்கும். ஆனால் அதற்கான பவுடரோ திரவமோதான் போட வேண்டும். அதில் நுரையைக் கட்டுப்படுத்தும் பொருள் சேர்த்திருக்கிறார்கள். அதற்காகத்தான் விலை வேறு, பெயரிலும் அடையாளம் வேறு. செமி ஆட்டோமேட்டிக்குக்குக் கைத்துவைப்புப் பவுடரும் ஓடும், அளவு மட்டும் கைக்குள் இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கொள்முதலில் கிலோவுக்கு 50 காசு குறைக்க அரை மணி நேரம் பேசுகிற நாம், ஷோரூமில் விளக்கையும் பட்டனையும் பார்த்து மயங்கித் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். சலவை இயந்திரத்தின் மேல் இருந்த ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, அந்த மிச்சத்தையும் சேர்த்து நாம் கேட்காத வசதிகளுக்குக் கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு. வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்கு உதிரிப்பாகம் இந்த ஊரில் யாரிடம் கிடைக்கும்?" விற்பவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

"அதிகம் போட்டால் நமக்கு என்ன நட்டம்?"

சங்கக் கூட்டத்தில் ஒரு முறை இதைப் பேசியபோது இளம் வியாபாரி ஒருவர் கேட்டார். "அவங்க அதிகம் போட்டா பவுடர் அதிகம் விக்கும். குறைச்சுப் போடுன்னு நாமளே சொன்னா நம்ம வியாபாரம்தானே குறையும்?" கேள்வி நியாயமானதுதான். மழுப்பாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2 கிலோ போதுமான இடத்தில் ஒரு குடும்பம் மாதம் 3 கிலோ பவுடர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக விற்ற 1 கிலோவில் நமக்கு 8 ரூபாய் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதே குடும்பத்தின் மாதச் சாமான் 5,000 ரூபாய், எல்லாம் கழித்து நமக்கு நிற்பது நூற்றுக்கு 8 வீதம் 400 ரூபாய் என்று கொள்வோம். அந்த 8 ரூபாயை 50 மாதம் சேர்த்தால்தான் ஒரு மாத லிஸ்ட்டில் நமக்கு நிற்கிற 400 ரூபாய் வரும். ஒரு வாடிக்கை 3 மாதம் நின்றால் போகிற 1,200 ரூபாயை ஈடுகட்ட 150 மாதம், அதாவது பன்னிரண்டரை ஆண்டு, அந்தக் குடும்பம் பவுடரை வீணாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு நடந்தது அதுதான். பேராசை பெரு நட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

வாங்குகிறவர் பொருளையும் தன் பொருள் போலப் பேணுவதே வாணிகம் என்ற கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். தராசில் குறைக்கக் கூடாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தேவைக்கு மேல் தள்ளிவிடக் கூடாது என்பதும் அதே தராசின் இன்னொரு தட்டுத்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விலையில் பெரிய கடைகளோடு நம்மால் முழுக்கப் போட்டி போட முடியவில்லை. போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே பவுடர் வந்துவிடுகிறது. ஆனால் அங்கே "உங்க வீட்டுல என்ன தண்ணி? எந்த மெஷின்? கைக்குழந்தை இருக்கா?" என்று கேட்க ஆள் கிடையாது. நாம் கேட்கலாம். நமக்குத் தெரு தெரியும், வீடு தெரியும், தண்ணீர் தெரியும். அந்த ஒரு பலத்தையும் இலவச வாளிக்காக விட்டுவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது என்ன?

கடையில் செய்ய வேண்டியவை

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கைத்துவைப்புப் பவுடரையும் இயந்திரப் பவுடரையும் ஒரே அடுக்கில் கலந்து வைக்காமல் தனித்தனியாக வைக்கலாம். பவுடர் கேட்கிறவரிடம் கைக்கா, மெஷினுக்கா, மேலே மூடியா, முன்னால் கதவா என்று கேட்கக் கடைப் பையன்களைப் பழக்கலாம். "நுரை நல்லா வரும்" என்று சொல்லி விற்கும் பழக்கத்தை முதலாளிகளாகிய நாம் முதலில் விட வேண்டும். புதிய இயந்திரம் வாங்கியவருக்கு முதல் மாதம் சிறிய பாக்கெட்டே கொடுத்து, அளவு பிடிபட்ட பிறகு பெரிய பை கொடுக்கலாம். உதிரிப் பவுடரை வாங்கிப் பாக்கெட் போட்டு விற்பவர்கள், 2011 ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி பெயர், முகவரி, நிகர எடை, விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்பது தெரிந்ததே. அதோடு, "ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கு உகந்ததல்ல" என்று ஒரு வரியும் சேர்த்தால் நமக்கும் பாதுகாப்பு, வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு.

கூடவே நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. மிளகாய் வற்றல் தூசியும் மாவும் படிந்த கடைத் துணியை அப்படியே இயந்திரத்தில் போடாமல் உதறி, ஒரு தண்ணீரில் அலசிவிட்டுப் போடச் சொல்லுங்கள். சாக்கையும் படுதாவையும் இயந்திரத்தில் திணிக்க வேண்டாம், சணல் நார் வடிகுழாயை அடைக்கும். துவைத்து முடித்ததும் தொட்டியைத் துடைத்து மூடியைத் திறந்து வையுங்கள். இவ்வளவு செய்தால் சாதாரண இயந்திரமே பல ஆண்டு உழைக்கும்.

டீச்சரம்மா வீட்டுக்கு அந்த மூன்றாவது மாதம் நானே நடந்து போனேன். மிச்சமிருந்த பவுடரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தேன். சரியான பவுடரில் ஒரு சிறிய பாக்கெட்டும், எங்கள் வீட்டு மேசைக்கரண்டி ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். "தப்பு என் மேலதான் டீச்சர். தெரிஞ்சே குடுத்தேன்" என்றேன். அவர் அதிகம் பேசவில்லை. காபி கொடுத்தார். தை மாதம் 3 ஆம் தேதி மாலை லிஸ்ட் வந்தது. இன்றும் வருகிறது. அதில் பவுடர் வரிக்கு நேரே முன்பு 4 கிலோ என்று இருக்கும், இப்போது ஒன்றரைக் கிலோ என்று இருக்கிறது. அந்தக் குறைவைப் பார்க்கும்போது எனக்கு நட்டமாகத் தெரியவில்லை.

வணிகப் பெருமக்கள் இதைச் சிந்தித்து, தத்தம் கடையில் நாளை காலையிலிருந்தே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.